தெளிவாக வந்த எண்

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கடையில் பூஜை முடிந்து, பொரிகடலையைத் தின்றுகொண்டே எழுதுகிறேன். மனசு சரியில்லை. தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று நேற்றுக் கம்ப்யூட்டரிலும் கைவைத்து, படம் திருத்துகிற கிம்ப் மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டேன். திறந்து பார்த்தால் ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய ஃபில்டர்களில் ஒன்றுகூட மெனுவில் இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வருகிற மங்கிய படங்களை எல்லாம் அதில் ஒன்றை வைத்துத்தான் துலக்குவேன். அதுவும் போச்சு. புதுசு போடுகிறவன் பழசை எதற்குத் தூக்கி எறிய வேண்டும்? இலவசம் என்றால் கேட்க நாதியில்லை என்று நினைப்பா?

அந்தக் கடுப்போடுதான் சந்தனம் வைத்தேன். பிரிண்டருக்கு, ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு, மானிட்டருக்கு, என் ஸ்கூட்டிக்கு. கடைசியில் நயினார் அண்ணாச்சியின் காருக்கு. பின்பக்கம் நம்பர் பலகையில் இடமே இல்லை, எண்கள் மேலேயே மூன்று விரலால் பட்டை இழுத்து, மோதிர விரல் வழுக்கி வலது ஓரம் சாய்ந்ததைக்கூடத் துடைக்காமல் நடுவில் குங்குமம் வைத்துவிட்டேன். அண்ணாச்சி சிரித்தார்.

"ஏட்டி இசக்கி, நம்பர மறைச்சிட்டியே. போலீஸ்காரன் பிடிச்சா நீயா வந்து பதில் சொல்லுவ?"

முதலாளி என்றாலும் நல்ல மனுஷன். பொரிப் பொட்டலத்தோடு ஒரு சேலையும் கொடுத்தார்.

மதியம் வீட்டுக்குப் போனபோது எதிர்ச்சாரியில் மாமா வீடு களையில்லாமல் கிடந்தது. ஆடியில் மாமா போனதிலிருந்து ஒரு வருடத்துக்கு அவர்களுக்குப் பண்டிகை கிடையாது. மாமா மகன் கொம்பையாவின் வெள்ளைக் கார் மட்டும் வாசலில் தூசியோடு நின்றது. பெண்டாட்டி வீட்டுச் சீர். நான் அதைப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 2

தம்பியை எவனோ இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அக்டோபர் 5

இன்றுதான் ஊருக்கு வந்தேன். தம்பி வேலாயுதம் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது, இடுப்பிலும் விரிசல். கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பானா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இருபத்து மூன்று வயதுப் பையனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வராண்டாவிலேயே கத்தியிருப்பேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

லேத் பட்டறையில் பூஜை முடிந்து சைக்கிளில் வந்திருக்கிறான். விளக்கு வைக்கிற நேரம். மெயின் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் அடித்திருக்கிறது. நிற்கவில்லை. அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. பையில் வைத்திருந்த சுண்டல் எல்லாம் ரோட்டில் கிடந்ததாம். நின்று ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் அந்த நாய்க்கு?

அண்ணாச்சி வீட்டிலிருந்து தினமும் டிபன் கேரியர் வருகிறது. ஆஸ்பத்திரிக்கே ஆள் வைத்து அனுப்புகிறார். "காரு சர்வீசுக்குப் போயிருக்கும்மா, இல்லன்னா நானே கொண்டு விடுவேன்" என்று வருத்தப்பட்டார். சொந்தம் என்று இருக்கிறவர்கள் செய்யாததை இவர் செய்கிறார்.

அக்டோபர் 7

ரோட்டோரத்துப் புண்ணாக்குக் கடையில் கேமரா இருக்கிறது. அதில் பதிவான படத்தைக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்தேன். இரண்டு நொடிதான். ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கம் விருட்டென்று போகிறது. நம்பர் பலகை நகக்கண் அளவுக்குத் தெரிகிறது. முதல் எண் 2. மற்ற மூன்றும் கஞ்சி மாதிரி இருக்கிறது. மேலே மஞ்சளாக ஏதோ அடிக்கிறது, ரோட்டு விளக்காக இருக்கும்.

இந்த மாதிரி ஆட்டம் கண்ட படத்துக்குத்தான் என் பழைய ஃபில்டர் வேண்டும். அதுதான் இல்லையே. இருக்கிற எரிச்சல் போதாதென்று இதுவும்.

அக்டோபர் 8

நெட்டில் தேடி ஒரு புது ஃபில்டர் இறக்கினேன். தானே யோசித்துப் படத்தைத் துலக்குமாம். போஸ்டர் வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார், வேர்த்துக்கொண்டிருந்தது அவருக்கு. ஏசி ஓடவில்லை.

முதலில் ஓட்டியபோது 2838 என்று வந்தது. இந்த ஃபில்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வரையும். அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அடுத்து 2380. அது சரியாகப் படவில்லை. இன்னும் கூட்டினேன். பிறகு வந்தது பாருங்கள், அச்சடித்த மாதிரி, ஒரு பிசிறில்லாமல்: 2886.

எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி எண்ணைப் பார்த்துவிட்டு, யாருதும்மா இது என்றார். கொம்பையாவுடையது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், அவனாத்தான் இருக்கும், சந்தேகமே வேண்டாம் என்றார்.

அக்டோபர் 9

ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. எண்ணைத்தான் கொடுத்தேன். பெயரை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்பாயே, நம்பர் மட்டும் எப்படிப் பார்த்ததும் தெரிந்தது என்று அம்மா கேட்டாள். ஆஸ்பத்திரிச் சாமானைக் கழுவப் போட வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

அக்டோபர் 12

பழைய கதையைக் கிளறுகிறேன் என்று ஊர் பேசுகிறதாம். பேசட்டும். ஆமாம், கொம்பையா எனக்கென்று பேசி வைத்தவன்தான். தாம்பூலம் மாற்றுகிற வாரத்தில் வேறிடத்தில் கார் தருகிறார்கள் என்றதும் வாயை மூடிக்கொண்டு போய்த் தாலி கட்டியவன்தான். அதற்கும் இதற்கும் என்ன? கேமராவுக்கு என் கதை தெரியுமா? ஃபில்டருக்குத் தெரியுமா?

காரைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. எடுப்பதற்கு முன்னால் வேலாயுதத்தின் பட்டறைப் பையன்கள் போய் முன் கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டார்கள். கொம்பையாவைத் தினமும் காலையில் வரச்சொல்லிச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்களாம். அன்றைக்கு வீட்டை விட்டே இறங்கவில்லை என்கிறானாம். சாட்சி அவன் பெண்டாட்டி. நல்ல சாட்சி. பால் சொசைட்டியில் அவனை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் அத்தை, கொம்பையாவின் அம்மா, எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "எம் பிள்ள கோழயா இருப்பான்ட்டி. கொலகாரன் இல்ல" என்று மட்டும் சொன்னாள். நான் வேலாயுதத்தின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தாள், அழுதாள், போய்விட்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது என்று எழுதவே உட்கார்ந்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 14

எஸ்.ஐ. கூப்பிட்டுவிட்டார். ஒரு ஃபில்டரில் வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்க முடியாதாம், பம்பரில் இருக்கிற கீறலும் பழசா புதுசா என்று தெரியவில்லையாம், பையன்கள் உடைத்ததில் எல்லாம் கலந்துபோச்சாம்.

"இன்னொரு வழியில செஞ்சு பாத்தும் இதே நம்பர்தான் வருதுன்னா கேஸ் நிக்கும்" என்றார்.

நிறுத்திக் காட்டுகிறேன். பழைய ஃபில்டரை உயிர்ப்பித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அப்புறம் எப்படித் தப்பிக்கிறான் பார்ப்போம்.

அக்டோபர் 15

பழைய ஃபில்டரின் ஃபைல் பென்டிரைவில் கிடைத்தது. புதுப் பதிப்பில் அதை அதே பெயருள்ள தனி ஃபோல்டரில் போட்டால்தான் கண்ணுக்கே தெரியுமாம். இதை எங்கேயாவது நாலு வரி எழுதி வைத்தால் என்ன கேடு? போட்டேன். தெரிந்தது. அமுக்கினேன். சிவப்பில் நாற்பது வரி வசவு. பழைய பைத்தானில் எழுதியதாம், புதுசுக்கு அந்தப் பாஷை புரியாதாம்.

மண்டபத் திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ், தீபாவளிக்கு நாலு கட்சிக்காரர்களின் வாழ்த்து. எல்லாருக்கும் மூஞ்சியை வெள்ளையடிக்க வேண்டும். அடித்தேன்.

அக்டோபர் 16

அண்ணாச்சி வந்து, "அந்தப் பழசுல எதுக்கும்மா மல்லுக்கட்டுத? அதான் தெளிவா வந்திருக்குல்லா" என்றார். கோர்ட்டுக்கு வேண்டும் என்றேன். வேண்டுமானால் நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எதற்கும் முகம் கோணாத முதலாளி. நான்தான் சிடுசிடுவென்று இருக்கிறேன்.

அக்டோபர் 17

அந்தப் பழைய ஃபில்டரை எழுதியவர் எங்கோ போலந்தில் இருக்கிறார். நெட்டில் ஒரு மன்றத்தில் ஆளைப் பிடித்து, என்னய்யா எழுதி வைத்திருக்கிறாய் என்கிற தோரணையில் கேட்டு, வந்த எண்ணையும் போட்டேன். பாவம், கோபப்படாமல் மாற்ற வேண்டிய வரிகளையும், படத்தை நிறம் நிறமாகப் பிரித்து ஓட்டுகிற வழியையும் குறித்து அனுப்பினார். கூடவே ஒன்று எழுதியிருந்தார். நீங்கள் இறக்கிய புது ஃபில்டர் இருப்பதைத் துலக்குவதில்லை, இப்படி இருக்கலாம் என்று தானாக வரைகிறது. நம்பவில்லை என்றால், எண் தெரிந்த ஒரு பலகையைப் படம் எடுத்து, மங்கலாக்கி, அதற்குள் விட்டுப் பாருங்கள் என்று.

கேட்டதற்குப் பதில் சொன்னால் போதாதா? யார் இவரிடம் புத்திமதி கேட்டது?

அக்டோபர் 18

என் ஸ்கூட்டியைக் கடை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். மங்கலாக்கினேன். புது ஃபில்டரில் விட்டேன்.

என் வண்டி 7051. வந்தது 7861. ஒரு பிசிறில்லாமல். அச்சடித்த மாதிரி.

மறுபடி விட்டேன். 7651. மறுபடி. 7089.

ஒன்றிலும் தயக்கமே இல்லை அதற்கு. பொய்யைச் சொல்கிறவன் கொஞ்சமாவது திணறுவான். இது திணறவில்லை. மவுஸைத் தூக்கி எறிந்தேன். கண்ணாடிக் கதவில் பட்டு பேட்டரி தெறித்து விழுந்தது.

அக்டோபர் 19

ஸ்கூட்டியில் சேறு இருந்தது. அதனால்தான் தப்பாக வந்திருக்கும்.

அக்டோபர் 20, தீபாவளி

ஆஸ்பத்திரியில் தீபாவளி. வேலாயுதத்துக்குப் புதுச் சட்டையைப் படுக்க வைத்தே மாட்டினோம். நர்ஸ் இரண்டு பேர் பிடித்து எழுப்பி நிற்க வைத்தார்கள். இடது காலை ஊன்றச் சொன்னதும் அம்மாவைக் கூப்பிட்டான். சின்னப் பிள்ளையில் கூப்பிட்டது போல.

அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். ஸ்வீட், ஹார்லிக்ஸ், பழம். வாடகைக் காரில். வேலாயுதத்தின் காலைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இளகிய மனசு.

சாயங்காலம் ஊருக்கு வந்தேன். தெருவெல்லாம் வெடி. மாமா வீட்டில் ஒரு விளக்குகூட இல்லை. கொம்பையாவின் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சின்னப் பெண்.

அக்டோபர் 22

ஃபில்டர் ஓடிவிட்டது. நேற்று நாள் பூராவும் போலந்துக்காரர் சொன்ன வரிகளை மாற்றி, இன்று காலையில் அமுக்கியதும் வசவு இல்லாமல் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. பழைய பெட்டி, அளவைக் கூட்டிக் குறைக்கிற பழைய இழுப்பான்கள். முதல் தடவையாக இந்த மாதத்தில் சிரித்தேன்.

கேமராப் படத்தைப் போட்டேன். இது புதுசு மாதிரி அச்சடித்துத் தராது. இருக்கிறதைத்தான் கொஞ்சம் பிரித்துக் காட்டும். முதலில் வந்தது புகை மூட்டம். 2 தெரிந்தது. மற்ற மூன்றும் 8 போலவும் இருந்தன, இல்லாதது போலவும் இருந்தன. போலந்துக்காரர் சொன்னபடி படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஃபில்டரில் விட்டேன்.

நீலத்தில் எண்களுக்கு மேல் குறுக்கே மூன்று கோடு கன்னங்கரேல் என்று வந்தது. சிவப்பில் அந்தக் கோடுகளே இல்லை. வெள்ளைப் பலகையில் மஞ்சள் நிறத்தில் எது இருந்தாலும் அப்படித்தான் வரும், நீலத்தில் கறுக்கும், சிவப்பில் மறையும். இது ரோட்டு விளக்கு இல்லை. சந்தனம். புது ஃபில்டர் அந்தச் சந்தனத்தையும் எண்ணோடு சேர்த்து எழுதி, 3 எல்லாவற்றையும் 8 ஆக்கியிருக்கிறது.

ஆயுத பூஜை அன்றைக்குச் சாயங்காலம். ஊரில் ஓடுகிற எல்லா வண்டியிலும் சந்தனம் இருக்கும். துட்டி விழுந்து ஒரு வருடம் பண்டிகை இல்லாத வீட்டு வண்டியைத் தவிர. அன்று மத்தியானம் அந்தக் காரைப் பார்த்தேனே. பார்ப்பதில்லை என்று எழுதிவிட்டுப் பார்த்தேனே. தூசி மட்டும்தானே இருந்தது.

சிவப்பில் எண் தெரிகிறது. சுமாராகத்தான். ஆனால் தெரிகிறது.

2330.

வலது பக்கம் பட்டை இறங்கிச் சாய்ந்திருக்கிறது, மோதிர விரல் வழுக்கின மாதிரி. நடுவில் குங்குமம் வைத்த இடம்.

அண்ணாச்சியின் வெள்ளைக் காரில் நான் இழுத்த பட்டை.

அக்டோபர் 23

வேலைக்குப் போகவில்லை. டிபன் கேரியர் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டாள். புளித்துப் போயிருக்கிறது என்றேன்.

அடுப்படியில் நின்று யோசித்தேன். யாருக்கும் தெரியாது. புது ஃபில்டர் சொன்ன எண்ணே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். அண்ணாச்சி தம்பியைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்ளாமல் எங்கே போவார்? கொம்பையாவும் ஒன்றும் உத்தமன் இல்லை. இப்படியெல்லாம் ஓடியது. ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம் அந்த இருபது நாள் சோறு ஞாபகம் வந்தது. அத்தனையும் அவர் வீட்டுச் சாம்பார். என் தம்பியை ரோட்டில் போட்டுவிட்டு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, வேர்த்து, நான் சொன்ன பெயரைக் கேட்டு, நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்தாரே. இளகிய மனசு என்று எழுதினேனே! கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 24

காலையில் கடை திறந்ததும் இரண்டு படத்தையும் பெரிதாக அச்சடித்தேன். இடது பக்கம் 2886, வலது பக்கம் 2330, அதன் அடியில் நீலத்தில் வந்த மூன்று கோடு. அண்ணாச்சி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெளியே மெஷின் ஏதோ காதுகுத்து விழா ஃப்ளெக்ஸைத் துப்பிக்கொண்டிருந்தது.

நிறுத்தத்தான் நினைத்தாராம். கொஞ்சம் குடித்திருந்தாராம், பூஜை நாளாம், மகள் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மறுநாள்தான் அது என் தம்பி என்று தெரிந்ததாம். தெரியாமல் இருந்திருந்தால்? வேறு யாராவது வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் டிபன் கேரியர்கூடப் போயிருக்காது, அவ்வளவுதானே? கேட்டேன்.

"ஆயுசுக்கும் உங்க குடும்பத்தப் பாத்துக்கிடுதேன்ட்டி. கொம்பையாவுக்கும் வக்கீல நானே வச்சு வெளிய கொண்டாந்துருதேன். இதக் கிழிச்சிரு" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"போலீஸ்காரன் பிடிச்சா பதில் யாரு சொல்லுவான்னு கேட்டீகள்ல அண்ணாச்சி. நானே சொல்லுதேன்."

கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, படங்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஸ்டேஷனில் கொம்பையா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான், இன்னும் என்ன கொண்டுவந்திருக்கிறாளோ என்று. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். "வேலாயுதம் கால ஊணுதானா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் ஊணுதான் அத்தான்" என்றேன். நாலு வருடம் கழித்து அந்தச் சொல் வாயில் வந்தது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

எஸ்.ஐ. இரண்டு படத்தையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஃபில்டரை விளக்கினேன், சிவப்பை விளக்கினேன், 2330 யார் கார் என்று சொன்னேன், மூன்று தடவை ஓட்டி எனக்குப் பிடித்த எண் வந்ததும் நிறுத்தினதையும் சொன்னேன். ஒருமுறை கொம்பையாவைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு நீலத்தில் தெரிகிற மூன்று கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"நம்பர மறச்சது யாரும்மா?"

"நான்தான் சார்" என்றேன்.